சுமையும் சுவையும்

பருவக்காற்றுகளைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியிற் கற்பித்து வருகின்றோம். கரும்பலகையில் இலங்கைப் படத்தை வரைந்து, தென்மேற்கிலிருந்து ஓர் அம்புக்குறியும் வடகிழக்கிலிருந்து ஓர் அம்புக்குறியும் இட்டு, "இது சோளகம், இது வாடை" என்று சொல்லிக் கையிலுள்ள வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டால், எமக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பு அன்றைக்கு முடிந்துவிடும். அந்தக் காற்றைக் கையாற் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று எமக்குத் தோன்றியதேயில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவ்வாறு தோன்றியது எம் மகனுக்கு.

உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தான் அவன். அயலிலுள்ள சிறுவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சிறிது பணமும் சேர்த்திருந்தான். ஒருநாள் இரவுணவு முடிந்து எழும் வேளையில், "அப்பா, கற்பிட்டியில் ஒரு வெள்ளைக்காரர் தம் நாட்டுக்குத் திரும்பிப் போகிறாராம். அவருடைய பாய்ப்பலகையைப் பாதி விலைக்குத் தருவாராம். வாங்கட்டுமா?" என்று கேட்டான்.

பாய்ப்பலகை என்று நாம் தமிழ்ப்படுத்திச் சொல்வதை இளைஞர் விண்ட்சேர்ஃபிங் என்பர். நீண்ட பலகை ஒன்றின்மேல் ஒரு பாய்மரம். ஆனால் அது தோணியின் பாய்மரத்தைப் போல் அசையாமல் நிற்பதன்று. அடியிலுள்ள ஒரு மூட்டினால் எப்பக்கமும் சாயும். பலகையின்மேல் நிற்பவன் பாயைக் கைகளாற் பற்றிக்கொண்டு, அதனை முன்னே சாய்த்தும் பின்னே சாய்த்தும் திசை திருப்புவான். சுக்கான் கிடையாது. பாயைத் தாங்கும் கயிறும் கிடையாது. நிற்பவனின் உடம்பே இரண்டுமாகிவிடுகிறது. பெந்தோட்டை ஆற்றில் நண்பன் ஒருவனோடு வாடகைப் பலகையில் இருமுறை பழகி வந்த நாள்முதல் மகனுக்கு இந்தப் பித்துப் பிடித்திருந்தது.

"இஞ்சருங்கோ, எட்டுப் பேர்ச் காணியிலே சைக்கிள் விடவே இடமில்லை. இவன் பாய்மரத்தை எங்கே நாட்டப் போகிறான்?" என்றாள் இல்லாள். அவள் வினவியது இடத்தைப் பற்றி. ஆனால் குரலில் இருந்தது வேறோர் அச்சம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாளுக்குப் பின் கடற்கரைக்குச் சென்றாலும் கடலுக்கு முதுகு காட்டி உட்காராதவள் அவள்.

ஆசிரியர் வீட்டில் எந்த வழக்கும் தாளில் எழுதப்பட்டே தீரவேண்டும். நாம் ஒரு தாளை எடுத்து நடுவே கோடிட்டோம். இடப்பக்கம் 'சுமை' என்றும் வலப்பக்கம் 'சுவை' என்றும் தலைப்பிட்டு, மகனைச் சொல்லச் சொல்லி எழுதலானோம்.

இடப்பக்கம் விரைவில் நிரம்பியது. பலகை, அதன் அடியிற் பூட்டும் செட்டை, இரு துண்டுகளாய்க் கழலும் பாய்மரம், பாய், கைபிடிக்கும் வளைதடி, மூட்டு, இறுக்குங் கயிறுகள், உயிர்காப்பு அங்கி, வாகனத்தின் கூரைமேற் கட்டப் பட்டிகள். வத்தளையிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிக் கற்பிட்டிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அங்கே போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் கோத்துக் கட்ட அரைமணி நேரம். ஆடி முடிந்தபின் உப்புப் போக நன்னீரிற் கழுவி, உலர்த்தி, அவிழ்த்து, சுருட்டிக் கட்ட முக்கால் மணி நேரம். இத்தனையும் செய்த பின்பும் அன்று காற்று வீசாமற் போகலாம்.

"ஒரு பாய் போதுமா?" என்று கேட்டோம். மகன் சற்றுத் தயங்கி, "மூன்று இருந்தால் நல்லது" என்றான். அதன் காரணத்தை மாணவ நேயர்கள் எளிதில் உணர்வர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மென்காற்றில் இனிதாய் இழுக்கும் பெரிய பாய், காற்று வலுத்தால் ஆளைத் தூக்கி எறியும். வன்காற்றுக்கேற்ற சிறிய பாயோ மென்காற்றிற் சும்மா தொங்கும். ஆகவே காற்றுக்கொரு பாய், பாய்க்கொரு மரம், மரத்துக்கொரு தடி என்று குடும்பம் பெருகிக்கொண்டே போகும்.

வலப்பக்கத்துக்கு வந்தோம். "சுவை என்ன? சொல்" என்றோம். "காற்றுப் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலெழும்பி..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். சிறிது யோசித்து, "எழுத முடியாது அப்பா. நீங்கள் வந்து பாருங்கள்" என்றான். வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. தாளின்படி பார்த்தால் வழக்கு அங்கேயே தள்ளுபடியாகியிருக்க வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்தபொழுது இத்தனை சுமையோடு பிறக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூமன் டார்பி என்பவர் 1964ஆம் ஆண்டளவில் ஒரு பலகையின்மேற் சாயும் பாயை அமைத்தார். அதற்குரிய பாயைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவியார் நவோமி. அதனை யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை டார்பி 1965இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார். கலிபோர்னியாவில் ஹோய்ல் ஸ்வைட்சர், விமானப் பொறியியலாளரான ஜிம் டிரேக் ஆகிய இருவரும் 1968இல் தமது அமைப்புக்குக் காப்புரிமை கோரினர். ஒரு பலகை, ஒரு பாய், அவ்வளவே. ஐரோப்பாவின் ஏரிகளிலெல்லாம் இவ்விளையாட்டு பரவியது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

பிறகு வேகம் வேண்டுமென்று பலகையைக் குறுக்கினர். காற்றுக்கேற்பப் பாய்களைப் பெருக்கினர். வல்லவர்க்கு அது சிறந்ததாயிற்று. புதிதாய்ப் பழக வந்தவனோ கடையிலிருந்த பொருள்களைக் கண்டே மலைத்தான். 1990களில் இவ்விளையாட்டிற் பலர் ஆர்வம் இழந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். பின்னர் வந்தது பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையிற் செல்லும் விளையாட்டு. பட்டமும் நூலும் ஒரு முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். 2024இல் அதுவும் ஒலிம்பிக் பந்தயமாயிற்று. இன்று கற்பிட்டிக் களப்பின்மேற் பறப்பவற்றிற் பெரும்பாலானவை அந்தப் பட்டங்களே.

எனினும் சுமை குறைந்ததென்று அதனை முற்றிலும் எளிதென்று கொள்வதற்கில்லை. இருபது மீற்றருக்கும் மேற்பட்ட நூலின் நுனியில் நிற்கும் பட்டத்தை ஏற்றிவிடவும் இறக்கிப் பிடிக்கவும் பழகிய மற்றொருவர் கரையில் நிற்பதே பாதுகாப்பு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பெரும் பட்டங்களை ஏற்றுவோரைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. அங்கும் நூலைப் பிடிப்பவன் ஒருவன், பட்டத்தைத் தூக்கி நிற்போர் பலர். அறுகங்குடாவில் அலைச்சறுக்கு ஆடுவோருக்குப் பாயும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு பலகை போதும். ஆனால் தக்க அலை வருமளவும் அவர்கள் காத்திருக்க வேண்டும். கருவியிற் குறைந்தது காத்திருப்பதிற் கூடுகிறது. எதுவும் வேண்டாதது நீச்சல் ஒன்றே.

நீச்சல் என்றதும் வாசக அன்பருக்கு ஓர் உண்மையை ஒளியாமற் சொல்ல வேண்டும். தாளின் இடப்பக்கத்தை நாம் அத்தனை உற்சாகமாய் நிரப்பியதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று.

நாம் பிறந்தது காங்கேசன்துறைக்கு அண்மையில். ஒன்பதாம் வயதிற் கீரிமலைக் கேணியில் தந்தையார் எமக்கு நீந்தக் கற்பித்தார். கருவி என்று சொல்வதாயின், உரியாத இரண்டு முற்றிய தேங்காய்கள். அவற்றின் நாரையே கிழித்து ஒன்றோடொன்று பிணைத்து எம் மார்பின்கீழ் வைத்துவிட்டார். சுவரின் ஒருபுறம் கேணியின் நன்னீர்; மறுபுறம் கடல் இரையும். பத்து நாளில் ஒரு தேங்காயைக் கழற்றினார். மேலும் பத்து நாளில் மற்றதையும் கழற்றிவிட்டு, அதனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறிக்கு உடைக்கச் சொன்னார். அன்று உண்ட கறியின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

1990ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டது. ஊரை விட்டு அகன்றோம். கேணியும் அயலும் உயர்பாதுகாப்பு வலயமாயின. கடற்றொழிலாளரே எல்லையும் நேரமும் பார்த்துக் கடலில் இறங்கிய காலம் அது. சிறுவரைக் கடற்பக்கம் யார் விடுவார்? 1995 ஐப்பசியின் இறுதியில் வலிகாமத்து மக்களோடு மக்களாய்த் தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கிருந்து கொழும்பு, பின்பு வத்தளை. எம் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் ஓடுகிறது, மேற்கே கடல். நீருக்கு நடுவே குடியிருந்தும் நாம் நீரில் இறங்கவில்லை. முதலில் இடமில்லை என்றோம். பின்பு நேரமில்லை என்றோம். தந்தையார் மறைந்தபின் ஆடியமாவாசைதோறும் முகத்துவாரத்துக் கடலுக்குச் சென்று, கணுக்காலளவு நீரில் நின்று, மூன்று கை நீரை அள்ளித் தலையிற் தெளித்துத் திரும்பிவிடுவோம். நீந்தக் கற்பித்தவருக்கு நாம் செய்த கடன் அதுவாக இருந்தது.

ஆடியமாவாசை கழிந்த மறு சனிக்கிழமை, "பார்த்துவிட்டு வருவோம், வாங்குவதென்று பேச்சில்லை" என்ற உறுதியுடன் இல்லாளும் உடன்வரக் கற்பிட்டிக்குப் புறப்பட்டோம். பாலாவியில் இடப்புறம் திரும்பியதும் காற்று வாகனத்தை அசைக்கத் தொடங்கியது. நுரைச்சோலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாய்ச் சுழன்றன. வைகாசியிலிருந்து ஐப்பசி வரை அந்த நீண்ட நாக்குப் போன்ற நிலத்தின்மேற் சோளகம் ஓயாது வீசும். கடற்பக்கம் அலை கொந்தளித்தாலும், நிலத்துக்கு இப்பால் உள்ள களப்பில் நீர் தட்டையாய்க் கிடக்கும். பல இடங்களிற் காலூன்றி நிற்கலாம். பழகுவோர்க்கு அதனினும் நல்ல பள்ளி இல்லை.

மகன் மணலில் பாயை விரித்துக் கோக்கலானான். நாம் கைகட்டி நின்றோம். பாயின் அடிக்கயிற்றை இழுத்து இறுக்குவது ஒருவர் பலத்துக்கு எளிதாயில்லை. "அப்பா, இந்த மரத்தைக் காலால் அழுத்திக்கொள்ளுங்கள்" என்றான். அழுத்தினோம். "வளைதடியைத் தூக்கிப் பிடியுங்கள்" என்றான். பிடித்தோம். அரைமணி நேரம் கழியும் என்று தாளில் எழுதியிருந்தோமே, அது கழிந்தது எமக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டில் தந்தையும் மகனுமாய் ஒரே வேலையில் அரைமணி நேரம் ஈடுபட்டது அதுவே முதல் தடவை என்பது பின்னர்தான் நினைவுக்கு வந்தது.

பாய் நிமிர்ந்ததும் அதனைத் தரையில் வைத்தே எம் கையிற் கொடுத்தான். "சும்மா பிடித்துப் பாருங்கள்." வளைதடியைப் பற்றினோம். சோளகம் பாய்க்குள் நுழைந்தது. தூணில் கட்டிய எருது திமிறுவதுபோல் அது எம்மை இழுத்தது. சற்றுப் பின்னே சாய்ந்தோம், இழுப்பு அடங்கியது. கையைத் தளர்த்தினோம், படபடத்தது. கரும்பலகையில் இருபத்திரண்டு ஆண்டுகளாய் வரைந்த அம்புக்குறியின் நுனி எம் இரு கைகளிலும் இருந்தது.

பலகையை நீரில் இறக்கியதும், "முனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டான். காற்சட்டையை மடித்துவிட்டு முழங்காலளவு இறங்கினோம். அவன் பாயைத் தூக்கி நின்றான், முப்பது பாகம் சென்றான், விழுந்தான். பாய் நீரிற் படிய, பலகை மெல்ல விலகலாயிற்று. அதனைப் பிடிக்க நாலடி விரைந்தபோது நிலம் தாழ்ந்து கால் நிலை தவறியது. கரையிலிருந்து இல்லாள் கூவிய கூவல் இன்னும் காதில் ஒலிக்கிறது. ஆனால் நாம் அமிழவில்லை. கைகள் தாமே நீரைத் தள்ளின. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்பும் அந்த இரண்டு தேங்காய்களும் மார்பின்கீழ் இருந்தனபோலும்! பலகையை எட்டிப் பிடித்தபோது மகன் எம்மை வியப்போடு பார்த்தான். "அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டான். பத்தொன்பது ஆண்டுகளாய் எம்மோடு வாழ்ந்த பிள்ளைக்கு அது தெரியாமலே இருந்துவிட்டது.

மாலையில் அவிழ்க்கும் வேளை வந்தது. பாய்மரத்தின் இரு துண்டுகளும் பொருந்துமிடத்திற் சிறு மணல் புகுந்துவிட்டதால் அவை பிரிய மறுத்தன. அவன் ஒரு நுனியும் நாம் மறு நுனியுமாய்க் கயிறிழுப்புப் போட்டிபோல் இழுத்தோம். வெற்றி எவருக்குமில்லை, இருவரும் மணலில் மல்லாந்ததே மிச்சம். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த முதிய மீனவர் ஒருவர், மூட்டில் நீரை வார்த்து, பழைய நைலோன் கயிற்றை இருபுறமும் பிடிக்குச் சுற்றி, "இழுக்க மட்டும் கூடாது ஐயா. தம்பி ஒரு பக்கம் முறுக்க, நீங்கள் மறுபக்கம் முறுக்கிக்கொண்டே இழுங்கள்" என்றார். மூன்றாம் முறுக்கிற் பிரிந்தது.

அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர் தொழில் செய்வது நார்க்கண்ணாடி வள்ளத்தில். கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; தமிழ் உலகுக்குக் கொடுத்த சொற்களில் ஒன்று அது. பெயரே அதன் வேலையைச் சொல்லும். கடலுக்குப் போகும்போது மரங்களைக் கட்டுவதும், கரைக்கு வந்ததும் ஊறிய நீர் உலர்வதற்காக அவிழ்த்துப் போடுவதும் கட்டுமரக்காரனுக்கு அன்றாடம். "அவர்களுக்கெல்லாம் சலிப்பு வராதா?" என்று கேட்டோம். "சலித்தால் அடுப்பு எரியுமா ஐயா? ஆனால் கட்டும்போதுதானே எந்தக் கயிறு நைந்திருக்கிறது என்று தெரியவரும்" என்றார். எமக்கு விளையாட்டாய் வாய்த்தது அவர்களுக்குப் பிழைப்பு. இரண்டையும் ஒன்றாய்ப் பேசுவது தகாது. ஆயினும் அவர் சொன்ன இரண்டாம் வாக்கியத்தை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பலகையை வாங்கினோமா என்று அன்பர் கேட்பர். வாங்கினோம். ஒரு பலகை, ஒரு மரம், நடுத்தரமான ஒரு பாய். மற்றிரு பாய்களும் வேண்டாமென்று விட்டுவிட்டோம். அந்தப் பாய்க்கேற்ற காற்று வீசும் நாளிற் போவது, வீசாத நாளில் நீந்துவது என்பது உடன்பாடு. தனியே போவதில்லை, அங்கியின்றி இறங்குவதில்லை, கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது, இம்மூன்றும் இல்லாள் விதித்த நிபந்தனைகள். பலகை இப்போது வீட்டுத் தாழ்வாரத்தின்கீழ் இரு கயிறுகளில் தொங்குகிறது. அதன்மேற் பல்லி குடியிருக்கிறது.

கணக்கை நேர்மையாய்ச் சொல்வதானால், இந்த ஓராண்டில் அது நீரைக் கண்டது ஒன்பது முறை. நீச்சற்குளத்துக்கோ நாம் சனிக்கிழமைதோறும் சென்றிருக்கின்றோம். அதற்கு ஒரு துவாய் போதும். ஆகையாற் சுமை பொருட்டன்று என்று நாம் சொல்லமாட்டோம். சுமை கூடினால் போகும் நாள் குறையும், அது உறுதி. வாங்க எண்ணுவோர் முதலில் வாடகைக்கு எடுத்துப் பழகட்டும். எத்தனை நாள் போகமுடியும் என்று நாட்காட்டியைப் பார்க்கட்டும். கோத்துக் கட்டும்போது மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வீட்டில் உண்டா என்றும் எண்ணிப் பார்க்கட்டும். எமக்கு அந்த ஒன்பது நாள்களின் நினைவில் மேலோங்கி நிற்பது பலகை விரைந்த நேரமன்று. இழுத்து, முறுக்கி, கழுவி, சுருட்டிய நேரமே. மகன் அடுத்த மாதம் பேராதனைக்குப் போகின்றான். பிறகு மறுமுனையைப் பிடிக்க அவன் விடுமுறைக்கு வரவேண்டும்.

தாளை நாம் இன்னும் வைத்திருக்கின்றோம். வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

இவ்வாண்டு ஆடியமாவாசையன்று முகத்துவாரத்தில் மகனின் கையைப் பற்றிக்கொண்டு இடுப்பளவு நீர்வரை சென்று, தந்தையாரை நினைந்து மூன்று முறை மூழ்கி எழுந்தோம். கரையில் இல்லாள் துவாயுடன் நின்றாள். வழக்கம்போல் கடலுக்கு முகங்காட்டியே நின்றாள்.